பனியுடைக்கும் கப்பலுக்கு ஒரு பாட்டு

12 பிப்ரவரி 1996

அன்புள்ள ஹில்க்கா அக்காவுக்கு,

நான் சௌக்கியம். உன் முதுகுவலி குறைந்ததா? கெமியில் கடல் முழுக்க உறைந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். வெளியே போகும்போது இரண்டு காலுறை போட்டுக்கொள்.

சிறை நீ பயந்த மாதிரி இல்லை. கட்டாய ராணுவத்துக்கும் வரமாட்டேன், அதற்கு மாற்றான சேவைக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் என்னைத் தவிர இன்னும் இருவர் இருக்கிறார்கள். எனக்கு மரப்பட்டறையில் வேலை. வியாழக்கிழமை பட்டாணி சூப். ராணுவத்திலும் வியாழக்கிழமை அதே சூப்தானாம். "இதைக் குடிக்கறதுக்கா இவ்ளோ சிரமப்பட்டு இங்க வந்தே?" என்று மற்றக் கைதிகள் ஒரே கிண்டல்.

கம்ப்யூட்டர் கேட்டுப் பார்த்தேன். காவலர் சிரித்தார். "அதெல்லாம் கெடையாது தம்பி. பேப்பர் வேணும்னா கட்டுக் கட்டா தர்றேன்."

அதனால் உன்னிடம் ஓர் உதவி. நானும் கிம்மோவும் செய்துகொண்டிருந்த கப்பல் விளையாட்டை நீ பார்த்திருக்கிறாய். உறைந்த கடலை உடைத்து மற்றக் கப்பல்களுக்கு வழி விடும் கப்பல். ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் நடக்கும் கோடை விழாவில் அதைக் காட்ட வேண்டும். படம், ஆட்டம், பாட்டு எல்லாம் சேர்ந்து அறுபத்து நான்கு கிலோபைட்டைத் தாண்டக் கூடாது என்பது போட்டி விதி. ஆட்டம் முடிந்துவிட்டது. பாட்டை ஒலிக்கவைக்கும் பிளேயர்தான் இல்லை. ஊரில் கிடைக்கிற பிளேயர்கள் எல்லாம் பெரிது. ஒன்றை உள்ளே விட்டால் பாதி இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளும்.

பிளேயரின் வேலை இதுதான். பாட்டுக் கோப்பில் சின்னச் சின்ன ஒலித்துண்டுகளும், எந்தத் துண்டை எப்போது எந்த உயரத்தில் ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். குறிப்பைப் படித்து, துண்டுகளைக் கலந்து, ஸ்பீக்கருக்கு அனுப்ப வேண்டும். 'வாசி', 'நிறுத்து' என்று இரண்டே கட்டளை. நாளை வேறு யாராவது சின்னதாக ஒரு விளையாட்டு எழுதினால், அவர்களும் இதை அப்படியே செருகிக்கொள்ளலாம்.

நான் காகிதத்தில் எழுதி அனுப்புகிறேன். என் கம்ப்யூட்டர் உன் வீட்டில்தானே இருக்கிறது, நீ தட்டச்சு செய்து ஓட்டிப் பார்க்க வேண்டும். என்ன கேட்டது என்று எழுது. பாட்டைக் கிம்மோ கொண்டுவந்து தருவான். முதல் நாலு தாள் இத்துடன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி இலாரி

•

27 பிப்ரவரி 1996

அன்புத் தம்பி இலாரிக்கு,

இங்கே நலம். முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது. நீ சரியாகத் தூங்குகிறாயா?

பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குக் கிழங்கு மசித்துவிட்டு வந்து உன் கிறுக்கலுக்கு முன்னால் உட்கார்ந்தேன். இது என்ன பாஷையடா? ஒரு வரிக்கு மூன்றெழுத்து, ஒரு எண். அர்த்தம் தெரியாமல் தட்டுவது, வாயில் போடாமல் உப்புப் பார்ப்பது மாதிரி இருக்கிறது. முதல் முறை திரை உறைந்து நின்றது; ஒரு வரியை விட்டிருக்கிறேன். இரண்டாம் முறை, கம்ப்யூட்டரில் கிடந்த கிம்மோவின் பழைய பாட்டு ஒன்றைக் கொடுத்து ஓட்டினேன். சத்தம் வந்தது. பாட்டு இல்லை. படகு மோட்டாரைக் கயிறு இழுத்துக் கிளப்பும்போது கிளம்பிக் கிளம்பி அணையுமே, அந்தச் சத்தம். ஆனால் ஒவ்வொரு முறையும் அணைவதற்கு முன்னால் ஒரு துளி, சரியான ஸ்வரம் கேட்டது. அது உனக்கு உதவுமா?

கிம்மோவைக் கடைத்தெருவில் பார்த்தேன். நன்றாக இருக்கிறான். பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைவிட நீளமாக எழுதி அனுப்பினால், உன்னைப் பார்க்க வரும்போது பன் சுட்டுக் கொண்டுவர மாட்டேன்.

சாப்பாட்டில் குறை வைக்காதே.
அக்கா ஹில்க்கா

•

10 மார்ச் 1996

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் நலமாயிருக்க வேண்டும்.

'அணைவதற்கு முன்னால் ஒரு துளி' என்ற வரியைப் படித்ததும் கட்டிலைவிட்டுக் குதித்தேன். உன் காதை இங்கே கொண்டுவர முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! இரண்டு பாத்திரம் வைத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள். ஒன்றிலிருந்து பரிமாறும்போது மற்றதை நிரப்ப வேண்டும். நான் பரிமாறிக்கொண்டிருக்கும் பாத்திரத்திலேயே புதிதை ஊற்றியிருக்கிறேன். திருத்தம் ஒரே வரி. இரண்டாம் தாளில் சிவப்பில் காட்டியிருக்கிறேன்.

உன் மிரட்டலும் வேலை செய்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால் தோன்றியதையெல்லாம் தட்டியிருப்பேன். இங்கே ஒவ்வொரு வரியையும் கையால் எழுத வேண்டும், பிறகு உன் விரல் நோக வேண்டும். அதனால் இது இல்லாமல் முடியுமா, இது இல்லாமல் முடியுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பட்டறையில் என் பக்கத்து மேஜை ஆர்வோ, குடித்துவிட்டுச் சண்டை போட்டு வந்தவர், எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எழுதறதைவிட அடிக்கறதுதான் ஜாஸ்தியா இருக்கு?"

"அடிக்கறதுதாண்ணே வேலையே."

"எனக்கும் அடிக்கறதுதான் வேலை. அதுக்குத்தான் உள்ள போட்டாங்க," என்றார்.

நாலு தாள் மூன்றாகிவிட்டது. கிம்மோவின் புதுப் பாட்டு எப்படி? அவன் ஏன் ஒரு வரி எழுதவில்லை?

அன்புடன்
இலாரி

•

8 ஏப்ரல் 1996

அன்புத் தம்பிக்கு,

ஈஸ்டர் நல்லபடியாகப் போனதா? இங்கே எல்லாம் சுகம்.

இலாரி, பாடியது! சிவப்பு வரியை மாற்றி ஓட்டினேன். முதலில் தாளம், அப்புறம் கீழே பாஸ், அதற்கு மேல் மெட்டு. ஒன்றோடு ஒன்று இடிக்காமல், நல்ல வாத்தியக் குழு மேடையில் இடம் விட்டு நிற்கிற மாதிரி நின்றன. நீ எழுதிய மூன்று தாள் என் முன்னால் கிடக்கிறது. மூன்று தாளில் ஒரு வாத்தியக் குழுவையே எப்படியடா அடைத்தாய்? சனிக்கிழமைகளில் நான் வாசிக்கிற நடன பாண்டு ஊர் ஊராகப் போக ஒரு வேன் வேண்டியிருக்கிறது. சமையலறையில் எல்லோரிடமும் சொன்னேன். அவர்களுக்குப் புரியவில்லை. எனக்கும் முழுதாகப் புரியவில்லை. இருந்தாலும் சொன்னேன்.

கிம்மோ வேலையாக இருக்கிறான், அதனால்தான் எழுதவில்லை. ஒன்று கேட்கச் சொன்னான். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல், மெல்ல வழுக்கிக்கொண்டு போக உன் பிளேயரில் வழி உண்டா? அக்கார்டியனில் பெட்டியை இழுத்துக்கொண்டே விரலை நகர்த்தும்போது வருமே, கிட்டத்தட்ட அப்படி. பாட்டு மெதுவானது. அது இல்லாமல் நடுப்பகுதி விறைத்துக்கொண்டு நிற்கிறது என்கிறான்.

கடலில் பனி முனக ஆரம்பித்துவிட்டது. பட்டறையில் கையைப் பார்த்து வேலை செய்.
அக்கா

•

21 ஏப்ரல் 1996

அன்புள்ள அக்கா,

நலமே. உன் கடிதத்தை ஆர்வோவுக்குப் படித்துக் காட்டினேன். 'வேன்' வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

கிம்மோவிடம் சொல், வழுக்கல் வரும். இத்துடன் அரைத் தாள். முதலில் ஒரு முழுத் தாள் வந்தது. அப்புறம், ஸ்வரத்தின் உயரத்தை வைத்திருக்கும் இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் போதும், தனியாக ஒன்றும் வேண்டாம் என்று பட்டது. அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்குப் பட்டறையில் நாற்காலிக்கு ஒரு கால் குட்டையாகப் போய்விட்டது.

கிம்மோ மாறிவிட்டான் போலிருக்கிறதே. அக்கார்டியனைக் கண்டாலே மூக்கைச் சுளிப்பான். அவனுக்கு என் வாழ்த்து. அவன் இப்போது எழுதுகிற பாட்டு நன்றாக வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அவசரப்பட வேண்டாம் என்று சொல். இடம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், நான் பிளேயரில் மிச்சம் பிடித்துத் தருகிறேன்.

உன்
இலாரி

•

19 மே 1996

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. உடம்பு சரியில்லையா? நான் அனுப்பிய அரைத் தாளில் ஏதாவது தப்பா?

இங்கே ஓர் அதிகாரி வந்து பேசினார். "இப்ப ஒரு கையெழுத்துப் போடு, மாற்றுச் சேவைக்குச் சம்மதம்னு. நாளைக்கே வெளிய போயிடலாம். எதுக்கு இந்தப் பிடிவாதம்?" காகிதத்தை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். வெளியே பிர்ச் மரம் எல்லாம் பச்சை விட்டிருக்கிறது. அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேண்டாம் என்று சொன்னவன் வேண்டாம் என்றே இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் அன்று ஞாபகத்துக்கு வரவில்லை.

பதில் போடு. பாட்டைப் பற்றி எழுது. எதையாவது எழுது.
இலாரி

•

28 மே 1996

அன்புத் தம்பி,

எனக்கு ஒன்றும் இல்லை, நீ பதறாதே. நீ எப்படி இருக்கிறாய், அதைச் சொல்.

அரைத் தாளில் தப்பு இல்லை. அதை வைத்துக்கொண்டு நடுப்பகுதியைத் திரும்பத் திரும்ப மாற்றியதில் நாள் போனதே தெரியவில்லை. கிம்மோ மாற்றினான். நான் பக்கத்தில் இருந்தேன்.

கோடைக்கால நடனக் கொட்டகைகள் திறந்துவிட்டன. பாண்டு இந்த வருஷம் வேறு ஆளை வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. என் முதுகுக்கு வேன் பயணம் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டேன். அதனால் சனிக்கிழமையும் வீட்டில்தான் இருக்கிறேன்.

அந்தக் கையெழுத்து விஷயத்தில் நான் இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்லமாட்டேன். போட்டாலும் நீ என் தம்பிதான். ஆனால் ஒன்று எழுதுகிறேன். நேற்று முழு விளையாட்டையும் முதல் முறையாக ஓட்டினேன். கப்பல் பனியில் முட்டியது. பாட்டு மெல்ல ஏறியது. பனி விரிந்து கறுப்புத் தண்ணீர் தெரிந்தபோது மெட்டு கீழிருந்து மேலே வழுக்கிப் போயிற்று. நான் எழுந்து நின்றுவிட்டேன். ஜெயிலில் ஒருவன் பென்சிலால் எழுதியது கெமியில் என் படுக்கையறையில் கடலை உடைக்கிறது. எத்தனையோ கொட்டகையில் வாசித்திருக்கிறேன், மேளக்காரனிடமிருந்துகூட இப்படி ஒரு பிசகாத தாளம் எனக்குக் கிடைத்ததில்லை. நீ எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறாய் என்று அங்கே உனக்கு யாரும் சொல்லமாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

எல்லாம் சேர்ந்து அறுபத்து நான்குக்குள் அடங்கிவிட்டது. கடைசித் திரையில் 'ஆட்டமும் பிளேயரும்: இலாரி. இசை: கிம்மோ' என்று போட்டிருக்கிறேன்.

நன்றாகச் சாப்பிடு.
அக்கா

•

16 ஜூன் 1996

அன்புள்ள அக்கா,

மிகவும் நலம். இந்த முறை சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை.

கையெழுத்துப் போடவில்லை. உன் கடிதத்தை ஆர்வோவிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, "உங்கக்கா ஆளு பெரிய ஆளுப்பா," என்றார். அவ்வளவுதான். மத்தியானம் முழுக்க என் பங்குக்கும் அவரே மரம் இழைத்தார்.

ஒரே ஒரு திருத்தம் பாக்கி. கடைசித் திரையில் 'இசை' என்று இருக்கிற வரியை எடுத்துவிட்டு, இந்தத் தாளில் உள்ள எண்களை அதே வரிசையில் போட்டுவிடு. வேறெதையும் தொட வேண்டாம்.

உன் முதுகு நிஜமாகவே வலிக்கிறதென்றால் வைத்தியரைப் பார்.
இலாரி

•

2 ஜூலை 1996

இலாரி,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

எண்களைத் தட்டினேன். ஓட்டினேன். கப்பல் துறைமுகத்துக்கு வந்தது. கடைசித் திரையில் அந்த எண்கள் எழுத்தாகி நின்றன. 'இசை: ஹில்க்கா ஹியத்தலா.'

காப்பி ஆறிப் போகும்வரை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்போதிருந்து தெரியும் உனக்கு?

சரி, நடந்ததைச் சொல்கிறேன். பிப்ரவரியில் கடைத்தெருவில் கிம்மோவைப் பார்த்தேன் என்று எழுதினேன் இல்லையா. பார்த்தது உண்மை. பையும் கையுமாக ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்தான். ராணுவத்துக்குப் போகிறான். "பாட்டு என்னாச்சு கிம்மோ?" என்றேன்.

"பாட்டா? அவன் அங்க உக்காந்து பெரிய மனுஷன் ஆயிடுவான், நான் அவனுக்கும் சேர்த்து மூட்டை சுமக்கணும். இதுல பாட்டு வேறயா? வேற ஆளைப் பாக்கச் சொல்லுங்கக்கா."

அவன் முகம் கோபத்தில் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பயத்தில் இருந்தது. நான் என் கையுறையை அவனிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இதை உனக்கு எப்படி எழுதுவேன்? நீ உள்ளே போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. உனக்கு அந்த விளையாட்டைத் தவிர என்ன இருந்தது?

அவன் பாட்டெழுதுகிற புரோகிராம் உன் கம்ப்யூட்டரில் இருந்தது. திறந்து பார்த்தேன். ஸ்வரங்கள் கொட்டகைக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுவது மாதிரி மேலிருந்து கீழே ஓடுகின்றன. பக்கவாட்டில் படித்துப் பழகிய எனக்குக் கழுத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் தோன்றியது. அப்புறம் பழகிவிட்டது. ஒலித்துண்டுகளை என் அக்கார்டியனிலிருந்தே எடுத்தேன், மைக்கைச் சமையல் கரண்டியில் கட்டித் தொங்கவிட்டு. முதலில் நீ வரும்வரை ஒப்பேற்றலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு, உண்மையைச் சொன்னால், விட முடியவில்லை.

பேரை எடுத்துவிடட்டுமா? பள்ளிக்கூடச் சமையல்காரியின் பேர் அங்கே எதற்கு?

ஹில்க்கா

•

14 ஜூலை 1996

அன்புள்ள அக்கா,

நான் நலம். கொஞ்சம் இருமல்தான். உனக்கு இன்னும் கோபமா?

உன் முதல் கடிதம் வருவதற்கு முன்பே கிம்மோவின் அஞ்சலட்டை வந்துவிட்டது. 'போகிறேன். மன்னித்துக்கொள்.' அதற்கடுத்த நாள் நீ, அவன் நன்றாக இருக்கிறான், பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே என்று எழுதியிருந்தாய். அக்கா ஏன் மழுப்புகிறாள் என்று புரியாமல் தவித்தேன். அவன் ஏன் ஒரு வரி எழுதவில்லை என்று உன்னிடம் கேட்டது அதைத் தெரிந்துகொள்ளத்தான். அப்புறம்தான், கிம்மோ அக்கார்டியன் மாதிரி வழுக்க வேண்டுமென்று கேட்டதாக எழுதினாய். மரத்தூளில் உட்கார்ந்து சிரித்தேன். ஆர்வோ எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று காவலரைக் கூப்பிடப் போனார்.

தெரியும் என்று எழுதியிருந்தால் நீ வெட்கப்பட்டு நிறுத்தியிருப்பாய். அதனால் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு தாளும் உன் பாட்டுக்காக எழுதியதுதான்.

கிம்மோவின் மேல் எனக்கு வருத்தமில்லை. அவனுக்கும் எழுதியிருக்கிறேன். ஆனால் இசை உன்னுடையது. பேரை எடுக்காதே. எனக்கு ஆகஸ்ட் கடைசியில்தான் விடுதலை. ஹெல்சிங்கிக்கு நீதான் போக வேண்டும். பிளேயரை யாராவது கேட்டால் சும்மா கொடுத்துவிடு, காசு வாங்காதே.

போவாயா?
இலாரி

•

13 ஆகஸ்ட் 1996

அன்புத் தம்பிக்கு,

திரும்பி வந்துவிட்டேன். பத்திரமாக இருக்கிறேன். உனக்கு இருமல் நின்றதா?

ஐஸ் ஹாக்கி மைதானம் அது. உள்ளே ஆயிரக்கணக்கில் பையன்கள், ஆளுக்கொரு கம்ப்யூட்டர், படுக்கை, பீட்சா டப்பா. வாசலில் ஒருவன் என்னைப் பார்த்து ரொம்ப மரியாதையாக, "உங்க பையனைத் தேடுறீங்களாம்மா? பேரு சொன்னா மைக்ல கூப்பிடுறோம்," என்றான்.

"பையன் இல்லப்பா. நானே போட்டிக்குத்தான் வந்திருக்கேன்."

"எந்தப் போட்டிக்கு?" என்றான், சமையல் போட்டி ஏதாவது வைத்திருக்கிறார்களோ என்கிற முகத்தோடு. அறுபத்து நான்கு என்றேன். நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

நமக்கு முன்னால் வந்ததெல்லாம் தட்தட்டென்று இடி மாதிரி பாட்டு. அப்புறம் விளக்கை அணைத்தார்கள். வீட்டுச் சுவர் அகலத்தைப் போலப் பத்து மடங்கு திரையில் நம் கப்பல். என் பாட்டு, கொட்டகைகளில் பெரியவர்கள் ஆடுகிற மெதுவான டாங்கோ, ஆரம்பித்தது. முன்வரிசையில் சிரித்தார்கள். "யாருப்பா தாத்தாவைக் கூட்டிட்டு வந்தது?" என்று ஒருவன் கத்தினான். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. கப்பல் பனியில் முட்டியது, நின்றது. அந்த இடத்தில் சிரிப்பும் நின்றது. பனி விரிந்து மெட்டு மேலே போனபோது, இலாரி, அத்தனை பேரும் ஒரே குரலில் கூவினார்கள். அந்த ஸ்பீக்கர்களில் உன் மூன்றரைத் தாள் என் நெஞ்சுக்கூட்டை அதிரவைத்தது. என் பேர் திரையில் வந்தபோது, தாத்தா என்று கத்தியவன்தான் முதலில் எழுந்து நின்று கைதட்டினான்.

நான்காவது இடம். பரிசு மூன்று பேருக்குத்தான்.

அப்புறம் ட்ரொம்ஸோவிலிருந்து வந்த இங்கெபோர்க் என்ற பெண் என்னைத் தேடி வந்தாள். தானும் சின்னதாக ஒரு விளையாட்டு எழுதுகிறாளாம். பிளேயர் எவ்வளவு பெரிது என்று கேட்டாள். சொன்னேன். நம்பவில்லை. அவள் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் வரி வரியாகப் பார்த்தாள்.

"இதுல எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே! எப்படி இவ்ளோ சின்னதா எழுதினாரு?"

"ஜெயில்ல பென்சிலால எழுதினான். நான்தான் டைப் பண்ணேன். நீளமா எழுதினா பன்னு கெடையாதுன்னு சொல்லியிருந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. மற்றவர்களைக் கூப்பிட்டாள். ஒரு கூட்டமே குனிந்து உன் வரிகளைப் படித்தது. பக்கத்தில் நின்ற எனக்கு, யாரோ என் தம்பியின் தலையைத் தடவிக்கொடுப்பது போல இருந்தது. கொண்டுபோயிருந்த ஃபிளாப்பி எல்லாம் தீர்ந்துவிட்டது. காசு வாங்கவில்லை.

வெளியே வரும்போது உடம்பில் கவனம் வை.
அக்கா ஹில்க்கா

•

29 ஆகஸ்ட் 1996, தம்பெரே

அன்புள்ள அக்கா,

வெளியே வந்துவிட்டேன். நலமாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது. கதவு வரைக்கும் வந்த காவலர், "பேப்பர் ஏதாச்சும் வேணுமா தம்பி?" என்றார்.

இங்கே ஒரு நண்பன் வீட்டில் தங்கியிருக்கிறேன். நம் விளையாட்டு எனக்கு முன்னாலேயே அவன் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்திருந்தது. டெலிபோன் வழியாக யாரிடமிருந்தோ இறக்கினானாம். நான்தான் எழுதினேன் என்று சொல்லாமல், போட்டுக் காட்டச் சொன்னேன்.

இத்தனை மாதமாகக் காகிதத்தில் மட்டுமே எனக்குத் தெரிந்த ஒன்றை முதல் முறையாகக் காதால் கேட்டேன். முகத்தைக் கையால் மூடிக்கொண்டேன். நண்பன் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டாம் முறை கேட்டபோது ஒன்று கண்டுபிடித்தேன். கப்பல் பனியில் மாட்டி நிற்கிற இடத்தில், நீண்ட ஸ்வரம் ஒன்று மூச்சு முட்டுவது மாதிரி இழுத்து இழுத்து வருகிறது. நீ செய்த ஜாலம் என்று நினைத்தேன். வரிகளைத் திறந்து பார்த்தால், அது என் தப்பு. ஒலித்துண்டு முடிந்து மறுபடி தொடங்கும்போது எண் ஒன்று பிசகி, கொஞ்சம் முன்னாலேயே திரும்பிவிடுகிறது. காகிதத்தில் அது கண்ணில் படவில்லை. உடனே திருத்தினேன். ஒரு பைட் மிச்சம்கூட ஆயிற்று. ஓட்டிப் பார்த்தேன். ஸ்வரம் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. ஆனால் கேட்பதற்குக் கப்பல் எங்கேயும் மாட்டின மாதிரியே இல்லை.

திருத்தத்தை அழித்துவிட்டேன். நீ அந்த இழுப்பைக் கேட்டுவிட்டு, அதைச் சுற்றித்தானே மெட்டுப் போட்டாய்? தப்பு என்று எனக்கு எழுதக்கூட இல்லையே! இங்கெபோர்க்குக்கும் மற்றவர்களுக்கும் சரியான பிளேயரை அனுப்பிவிடுகிறேன். நம் கப்பலில் அது அப்படியே இருக்கட்டும்.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். கம்ப்யூட்டரைப் போட்டு வைக்காதே. அக்கார்டியனை எடுத்து வை. அந்த இடத்தை நீ கையால் எப்படி இழுப்பாய் என்று நான் பார்க்க வேண்டும்.

உன் தம்பி
இலாரி